புதிய பாகம் மாட்டிய பிறகு முரண்டு பிடிக்கும் பைக்: அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

பிளாஸ்டிக் உறை போர்த்தாத நேக்கட் பைக்கில் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. இன்ஜின், பிரேம், ஹேண்டில்பார் எல்லாம் கண்ணெதிரே நிற்கின்றன. அதனால்தான் பல்சர் என்எஸ் 200, டியூக் 390, எம்டி-15, அப்பாச்சி ஆர்டிஆர் போன்ற வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கு வீட்டு வாசலிலேயே ஸ்பானரைக் கையில் எடுக்கும் ஆசை வருகிறது. சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கியதோ இணையத்தில் வரவழைத்ததோ, பாகம் கைக்கு வந்த அன்றே மாட்டியும் விடுகிறார்கள். மறுநாள் காலையில் வண்டி வேறு ஏதாவது சொல்லத் தொடங்குகிறது.

அப்படிச் சொல்லும்போது புதிய பாகத்தின் மேல் உடனே பழி போடாதீர்கள். மலிவான பாகங்களில் குறை உண்டுதான். ஆனால் கோளாறு பெரும்பாலும் அந்தப் பாகம் பக்கத்துப் பாகத்தைத் தொடும் இடத்தில் இருக்கிறது. லீவர் சரியாக இருக்கும், அது தள்ளும் பிஸ்டனும் சரியாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய ஒரு மில்லிமீட்டர் மட்டும் இருக்காது. கீழே உள்ள எந்த அறிகுறியானாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: கடைசியாக எதைத் தொட்டீர்கள்? ஒரே ஞாயிற்றுக்கிழமையில் லீவர், கண்ணாடி, இண்டிகேட்டர், சைலன்சர் எல்லாவற்றையும் மாற்றியவரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரு பாகம் மாட்டி, ஒரு வாரம் ஓட்டி, அடுத்ததற்குப் போங்கள். கழற்றிய பழைய பாகத்தை விற்காமல் வைத்திருங்கள். சந்தேகம் வந்தால் அதைத் திரும்ப மாட்டிப் பார்ப்பதைவிட நம்பகமான சோதனை வீட்டில் கிடையாது.

சில கிலோமீட்டர் ஓடியதும் முன் பிரேக் தானாகப் பிடிக்கிறது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. இந்தப் பட்டியலில் ஆளைக் கீழே தள்ளக்கூடிய கோளாறுகளில் இது தலையாயது. பலரும் இதைச் சக்கரத்தில் டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பரின் கோளாறு என்று நினைத்துத் தவறான இடத்தைப் பிரிக்கிறார்கள்.

அறிகுறி இப்படி இருக்கும். காலையில் வண்டியைத் தள்ளினால் சக்கரம் தாராளமாகச் சுற்றுகிறது. நான்கைந்து சிக்னல் தாண்டியதும் வண்டி இழுக்கத் தயங்குகிறது. லீவரைத் தொட்டால் கல் போல இருக்கிறது. டிஸ்க் சுடுகிறது. அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. சமீபத்தில், கைப்பிடியிலிருந்து உள்ள தூரத்தை மாற்றக்கூடிய, இயந்திரத்தில் கடைந்த சிஎன்சி லீவர் மாட்டியிருந்தால் காரணத்தைத் தேடி அலைய வேண்டாம்.

லீவரை அடுத்துள்ள மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன் முழுவதுமாகப் பின்னால் வந்து நிற்கும்போது, அதன் ரப்பர் கப்புக்கு முன்னால் ஊசிமுனை அளவில் ஒரு துளை திறந்திருக்கும். ஓட்டத்தில் சூடேறி விரியும் பிரேக் ஆயில் அந்தத் துளை வழியாகத்தான் மேலே உள்ள கிண்ணத்துக்குத் திரும்புகிறது. புதிய லீவரின் தள்ளுமுனை அரை மில்லிமீட்டர் நீளமாக இருந்தாலும் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது, துளை மூடியே இருக்கும். விரிந்த ஆயிலுக்குப் போக வழியில்லை. அது காலிப்பரில் உள்ள பிரேக் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்துகிறது. அழுத்தம் சூட்டைக் கூட்டுகிறது, சூடு அழுத்தத்தைக் கூட்டுகிறது. முடிவில் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். ஹேண்டில்பாரைத் திருப்பிக் கிண்ணத்தை மட்டமாக வையுங்கள். சுற்றிலும் ஈரத்துணி போர்த்துங்கள், ஏனென்றால் டாட் 4 பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். மூடியையும் ரப்பரையும் எடுத்துவிட்டு, லீவரை மிக மெதுவாக, தொட்டும் தொடாமலும் அழுத்துங்கள். ஆயிலின் அடியிலிருந்து ஒரு சிறு குமிழி எழுந்து மேற்பரப்பு சுழிக்க வேண்டும். சில வண்டிகளில் மெல்லிய நீரூற்று போலவே பீய்ச்சும். முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். அந்தச் சுழிப்பு தெரிந்தால் துளை திறந்திருக்கிறது என்று அர்த்தம். லீவரை எவ்வளவு அசைத்தாலும் ஆயில் குளம் போலக் கிடந்தால் துளை மூடியிருக்கிறது.

சரி செய்வது எளிது. லீவரில் சரிசெய்யும் திருகு இருந்தால் அதைப் பின்வாங்குங்கள். இல்லையென்றால் தள்ளுமுனையை நுண்ணிய அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, லீவரின் அடிப்பகுதியில் ஒரு மில்லிமீட்டர் வெற்று அசைவு வரும்வரை மாட்டி மாட்டிப் பாருங்கள். அதிகமாகத் தேய்த்துவிட்டால் லீவர் கைப்பிடிக்கு அருகில் வந்துவிடும், அந்த லீவரைத் தூக்கிப்போட வேண்டியதுதான். வழியில் பிரேக் பூட்டிக்கொண்டால், லீவரின் அச்சு போல்ட்டைத் தளர்த்தி லீவரைக் கழற்றுங்கள். சக்கரம் விடுபட்டால் கோளாறு மேலே லீவரில்தான். விடுபடவில்லை என்றால் மட்டும் காலிப்பரைச் சந்தேகப்படலாம்.

இதே லீவரின் இன்னொரு சேட்டை, பின்பக்கம் சிவப்பு பிரேக் விளக்கு அணையாமல் எரிவது. லீவரின் பின்முனை சுவிட்சைப் போதுமான அளவு அழுத்தவில்லை என்று பொருள்.

பிரேக் லீவர் ஸ்பாஞ்ச் போல அமுங்குகிறது

கம்பி பின்னிய பிரேக் ஹோஸ் போட்டபின் லீவர் முன்பைவிட இறுக்கமாக வர வேண்டும். தொளதொளவென்று இருந்தால் உள்ளே காற்று இருக்கிறது. காற்று மேலே ஏறும். ஆகவே அது ஒளிந்துகொள்ளும் இடம் காலிப்பர் இல்லை, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஹோஸ் வெளியேறும் இடத்தில் அதைப் பிடித்திருக்கும் பேஞ்சோ போல்ட். கீழே பத்து முறை பிளீட் செய்து காற்றை வெளியேற்றியும் பயன் இல்லாதவர்கள் மேலே ஒருமுறை பார்ப்பதில்லை. லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேல் பேஞ்சோவைத் துணி சுற்றிக் கால் சுற்று தளர்த்தி, ஆயில் கசிந்தவுடன் இறுக்குங்கள். இறுக்கிய பிறகுதான் லீவரை விட வேண்டும். இரண்டு மூன்று முறை போதும்.

ஒரு ஹோஸுக்கு இரண்டு வாஷர், ஒரே போல்ட்டில் இரண்டு ஹோஸ் என்றால் மூன்று. கழற்றும் ஒவ்வொரு முறையும் செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள். பழையதை மாட்டிவிட்டுக் கசிவை நிறுத்த மேலும் மேலும் முறுக்குபவர்கள் கடைசியில் பேஞ்சோ போல்ட்டையே முறிக்கிறார்கள்.

இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல், பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால் கை பிளீடிங்கில் வராமல் போகலாம். சர்வீஸ் சென்டரில் கருவி வைத்து அதன் பம்பை இயக்கித்தான் வெளியேற்றுவார்கள். வீட்டு வேலை அந்த இடத்தோடு நிற்க வேண்டும். புதிய ஹோஸ் போட்டபின் ஹேண்டில்பாரை இரு கோடிக்கும் திருப்பி, முன் ஷாக்கை அழுத்தி, ஹோஸ் எங்காவது இழுபடுகிறதா, டயரைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

ஹேண்டில்பாரைத் திருப்பினால் ஐடிலிங் ஏறுகிறது

உயரமான ஹேண்டில்பாரோ, அதைத் தூக்கி வைக்கும் ரைசரோ போட்ட வண்டியில் இது வரும். ஆக்சிலேட்டர் கேபிளின் நீளம் பழைய ஹேண்டில்பாருக்கு அளந்தது. அகலமும் உயரமும் கூடியதும் அது விறைத்துக்கொள்கிறது. ஒரு பக்கம் முழுவதும் திருப்பும்போது நீங்கள் முறுக்காமலேயே கேபிள் இழுபட்டு ஆர்பிஎம் ஏறுகிறது. குறுகிய சந்தில் வளைக்கும்போது வண்டி தானாகப் பாயும் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு இடம், வலம் என்று கோடிவரை மெதுவாகத் திருப்பிக் காதால் கேளுங்கள். ஓசை கொஞ்சம் மாறினாலும் ஓட்ட வேண்டாம். முதலில் கேபிள் போகும் வழியை மாற்றிப் பாருங்கள். பிரேமின் கழுத்தைச் சுற்றி வரும் கேபிளை ஹேண்டில்பாருக்கு முன்பக்கமாகக் கொண்டுவந்தாலே சில சென்டிமீட்டர் மிச்சமாகும். போதவில்லை என்றால் நீளமான கேபிள் வாங்க வேண்டும். கைப்பிடியில் இரண்டிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் வெற்றுச் சுழற்சி இருக்கட்டும்.

2017 முதல் வந்த டியூக் 390-இல் ஆக்சிலேட்டர் கேபிளே இல்லை, எல்லாம் மின்சாரம். அதை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்க வேண்டாம். அங்கே இழுபடுவது ஒயர். திருப்பும்போது இன்ஜின் அணைந்தால், அல்லது ஹாரன் தானாக அடித்தால், கழுத்துப் பகுதியில் ஒயர்க்கட்டு இறுகியிருக்கிறது. பிளாஸ்டிக் கட்டுகளை வெட்டி, தளர்வாக மீண்டும் கட்டுங்கள். உள்ளே செம்பு அறுந்து மேலே தோல் மட்டும் நல்லபடியாக இருக்கும் ஒயரைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது; விரலால் நெருடினால் ஓரிடத்தில் மட்டும் துவளும்.

ஆக்சிலேட்டரை விட்டால் திரும்பி வரவில்லை

புதிய கிரிப், ஹேண்டில்பாரின் முனையில் வரும் பார் எண்ட் எடை, பார் எண்ட் கண்ணாடி, இந்த மூன்றில் ஒன்று. வலது கிரிப்பின் வெளிமுனை எடையோடு உரசுகிறது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு மாட்டினால் தீர்ந்தது. கோடையில் ரப்பர் நீண்டு உரசக்கூடும் என்பதால் வெயிலில் நிறுத்திய வண்டியிலும் ஒருமுறை சோதியுங்கள்.

தொழிற்சாலை எடையை எடுத்துவிட்டு அழகுக்கு அலுமினியத் துண்டு மாட்டியவர்கள், கையில் விறுவிறுப்பு ஏறுகிறது என்கிறார்கள். ஒற்றை சிலிண்டர் இன்ஜினின் அதிர்வை அடக்கத்தான் அந்த எடை அங்கே இருந்தது. கண்ணாடியிலும் பிம்பம் இரண்டாகத் தெரியும். பழையதையே மாட்டிக்கொள்ளுங்கள்.

கண்ணாடி என்றதும் ஒரு எச்சரிக்கை: பல யமஹா வண்டிகளில் வலதுபக்கக் கண்ணாடியின் மரை எதிர்த்திசை. கழற்ற வரவில்லை என்று நீளமான பைப் போட்டு நெம்பினால் மாஸ்டர் சிலிண்டரின் காதே உடையும்.

இண்டிகேட்டர் படபடவென்று வேகமாக மின்னுகிறது

வண்டியில் பிழை எதுவும் இல்லை. ஒரு பல்பு போய்விட்டது என்று, இண்டிகேட்டரை மின்ன வைக்கும் பிளாஷர் நினைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பழைய பல்பு 10 வாட் மின்சாரம் எடுத்தது. எல்இடி ஒன்றிரண்டு வாட்டோடு நின்றுவிடுகிறது. தனி பிளாஷர் ரிலே உள்ள வண்டியில் எல்இடிக்கான மின்னணு பிளாஷரை வாங்கி மாட்டுங்கள், வேலை முடிந்தது. பின்களின் எண்ணிக்கையும் வரிசையும் பழையதைப் போலவே இருக்க வேண்டும்.

தனி ரிலே இல்லாமல், மின்னுவதையும் கட்டுப்பாட்டு யூனிட்டே பார்த்துக்கொள்ளும் வண்டியில் ரெசிஸ்டர்தான் வழி. மாற்றிய ஒவ்வொரு பல்புக்கும் ஏறத்தாழ 18 ஓம், 25 வாட் தாங்கும் உலோகக் கூட்டு வகை. அதை ஒயர்க்கட்டோடு சேர்த்து டேப் சுற்றிவிடாதீர்கள். அது சுடும், பிளாஸ்டிக்கை உருக்கும். பிரேமின் இரும்போடு திருகி வையுங்கள்.

இடதுபக்கம் போட்டால் நான்கும் மின்னுகின்றனவா? மீட்டரில் இரு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு பச்சை விளக்கு உள்ள வண்டியாக இருக்கும். அந்த விளக்கு இடது ஒயருக்கும் வலது ஒயருக்கும் நடுவே இணைக்கப்பட்டிருக்கிறது. அதன் வழியாகக் கசியும் சிறு மின்சாரம் பழைய பல்பை எரிக்கப் போதாது, எல்இடிக்குப் போதும். 1என்4007 டயோடு இரண்டு வாங்குங்கள், சில்லறைக் காசு விலைதான். இடது ஒயரிலிருந்து ஒன்று, வலது ஒயரிலிருந்து ஒன்று, வெள்ளிக் கோடு உள்ள முனைகள் இரண்டும் மீட்டர் விளக்கின் ஒரு முனையில் சேர வேண்டும். விளக்கின் மறுமுனையை எர்த்தில் கொடுங்கள்.

மூன்று நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்குகிறது

மொபைல் சார்ஜர், கூடுதல் விளக்கு, அலாரம், இவற்றில் ஏதோ ஒன்று சாவியை எடுத்த பிறகும் குடித்துக்கொண்டிருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, அந்த இடைவெளியில் மல்டிமீட்டரை ஆம்பியர் அளவில் வைத்துத் தொடருங்கள். சாவி போடக் கூடாது. மீட்டர் நடுவில் இருக்கும்போது ஸ்டார்ட்டரை அழுத்தினால் மீட்டரின் பியூஸ் போய்விடும்.

ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் இயல்பு. 50 காட்டினால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி போகிறது. 8 ஆம்பியர் மணி பேட்டரி ஒரு வாரத்துக்குள் காலி. ஸ்டார்ட் ஆகாத நிலை அதற்கு வெகு முன்னாலேயே வந்துவிடும். புதிதாகச் சேர்த்தவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எண் விழுகிற இடத்தில் திருடன் இருக்கிறான். அந்தப் பொருளின் பாசிட்டிவ் ஒயரை பேட்டரியிலிருந்து எடுத்து, சாவி போட்டால் மட்டும் உயிர் பெறும் ரிலேயின் வழியாகக் கொடுங்கள். பியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும்.

கசிவு இல்லையா? இன்ஜினை ஓடவிட்டு பேட்டரி முனைகளில் வோல்ட் பாருங்கள். 13.5-க்கும் 14.5-க்கும் இடையில் இருந்தால் சார்ஜ் ஏறுகிறது. விளக்குகளைப் போட்டதும் 12.5-க்குக் கீழே இறங்கினால் உங்கள் கூடுதல் விளக்குகள், மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரின் சக்திக்கு மீறியவை. வேறு பேட்டரி வாங்கிப் பயனில்லை, விளக்கைக் குறையுங்கள்.

சைலன்சர் மாற்றியபின் வெடிக்கிறது

ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது டப் டப்பென்று வெடித்தால், முக்கால்வாசி நேரம் குழாயும் சைலன்சரும் சேரும் இடத்தில் காற்று உள்ளே போகிறது. எரியாத பெட்ரோல் அங்கே அந்தக் காற்றோடு எரிகிறது. இணைப்பைச் சுற்றிக் கரிக்கோடு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுவே கசிவின் கையெழுத்து. கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டு, கிளாம்பை இறுக்கி, ஒருமுறை சூடேற்றி ஆறவிட்டு மீண்டும் இறுக்குங்கள்.

ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் விளைவு வேறு. உள்ளே புகும் வெளிக்காற்றை சென்சார் பார்த்து, பெட்ரோல் குறைவாகப் போகிறது என்று கணினிக்குத் தவறான தகவல் தருகிறது. கணினி பெட்ரோலைக் கூட்டுகிறது. மைலேஜ் சரிந்து, பிளக் கறுக்கும். ஏர் ஃபில்டரையும் சேர்த்து மாற்றிவிட்டு கணினியில் புதிய பெட்ரோல் மேப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முதலில் கசிவை அடையுங்கள்.

ஸ்பிராக்கெட், டயர்

செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டில் முன்னால் 15, பின்னால் 45 பற்கள் உள்ள வண்டியில் முன்னால் ஒரு பல்லைக் குறைத்தால் விகிதம் 3.00-இலிருந்து 3.21 ஆகிறது. பின்னால் மூன்று பல் கூட்டியதற்குச் சமம். இழுவை கூடும், நெடுஞ்சாலையில் இன்ஜின் அலறும். வேகமானி பொய் சொல்லத் தொடங்கினால், அந்த வண்டி வேகத்தை கியர்பாக்ஸில் அளக்கிறது. சக்கரத்தில் அளக்கும் வண்டியில் மாற்றம் தெரியாது.

செயின் ஓரிடத்தில் மட்டும் கரகரத்தால் சக்கரத்தைச் சுற்றி, மிக இறுகும் புள்ளியைக் கண்டுபிடித்து அங்கே தளர்வை வையுங்கள். தளர்வான இடத்தில் பார்த்து வைத்தால் இறுகும் புள்ளி கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்றுவிடும்.

130 மி.மீ. அகலத்துக்குப் பதில் 150 டயர் போட்டு, வண்டி வளைய மறுக்கிறது என்று புகார் சொல்பவர்களிடம் பேசிப் பயனில்லை. ரிம்மின் அகலம் மாறவில்லை. அகலமான டயரை அது இரு பக்கமும் நெருக்குகிறது, நடுப்பகுதி கூம்பாகிவிடுகிறது. என்எஸ் 200-க்கு 140/70-17 வரை பலர் ஓட்டுகிறார்கள். அதற்கும் செயின் பக்கம் எவ்வளவு இடைவெளி என்று பின்னால் ஆளை உட்கார வைத்துப் பாருங்கள்.

வண்டியில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் சாலையில் நிறுத்துகிறார்கள்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பாளர் விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4), ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்கிறது. சத்தம், புகை விதிகளை மீறினால் 190(2)-இன் கீழ் 10,000 ரூபாய் வரை போகும். லீவரையும் கிரிப்பையும் யாரும் கேட்பதில்லை. கண்ணில் படுபவை மூன்று: சைலன்சர், நம்பர் பிளேட், பின் மட்கார்டு.

பின் மட்கார்டை வெட்டி, நம்பர் பிளேட்டைப் பிடிக்கும் சிறிய டெயில் டைடி போட்டவர்கள் இவற்றை மட்டுமாவது பார்த்துக்கொள்ளுங்கள். 200-க்கு 100 மி.மீ. உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் மடங்காமல், அதன் பூட்டு ஆணியோடு நேராக நிற்க வேண்டும். பிளேட்டுக்கு மேல் வெள்ளை விளக்கு எரிய வேண்டும். பின்னால் உட்காருபவரின் சேலையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்காதபடி பாதிச் சக்கரத்தையாவது மூடும் தடுப்பு வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. தொழிற்சாலை சைலன்சரைத் துணியில் சுற்றி அட்டத்தில் வையுங்கள். வண்டியை விற்கும்போதும், விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் சர்வேயர் வரும்போதும் முதலில் கேட்கப்படுவது அதுதான்.